'கொள்ளாம்' என்றொரு ஃபோல்டர்

மதுரையிலிருந்து வடசேரிக்குக் கல்யாணமாகி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ. அவர் கல்யாணப் படம் எடுப்பார், நான் ஆல்பம் போடப் பழகிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தாலே எனக்குத் தலை சுற்றும். நியூ ஃபோல்டர் ஒன்றிலிருந்து நியூ ஃபோல்டர் முன்னூற்றுப் பன்னிரண்டு வரை வரிசையாக நிற்கும், ஒன்றுக்கும் பெயர் கிடையாது. கேட்டால், கொட்டாரம் கல்யாணம் இருநூற்று நாற்பதில், திற்பரப்பு அருவியில் எடுத்த ஜோடிப் படம் அறுபதில் என்று பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிப்பார். மனுஷனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

ஒழுங்கில்லாததைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அவர் வெளியூர் போயிருந்த மூன்று நாளில், பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டம் போட்டேன். வருடத்துக்குள் தாலுகா, தாலுகாவுக்குள் ஊர், ஊருக்குள் கோயில் கல்யாணமா சர்ச் கல்யாணமா, அதற்குள் பெண் வீடா மாப்பிள்ளை வீடா, அதற்குள் வீட்டுப்பெயர். இந்த ஊர் வீட்டுப்பெயர்கள் லேசுப்பட்டவை அல்ல. கொட்டாரத்துப் பெண்ணின் ஃபோல்டருக்கு 'கிழக்கேத்தோட்டத்துவிளை மேலப்புத்தன்வீட்டு இளையமகள் திருமணமும் மறுவீடும்' என்று பெயர் வைத்தேன். பாதிப் பெயர் திரைக்கு வெளியே போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒவ்வொரு கல்யாணத்துக்குள்ளும் அவர் இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தார். இவற்றுக்கு மட்டும் பெயர் உண்டு. ஒன்று 'பொறவு பாப்போம்', மற்றது 'கொள்ளாம்'. முன்னது எளிது, இனிமேல் பார்க்க வேண்டியவை. பின்னதும் எனக்குப் புரிந்தது. பை கொள்ளாது, பஸ் கொள்ளாது என்கிறோமே, அப்படி ஆல்பம் கொள்ளாமல் மிஞ்சியவை. அவரே தினமும் மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டதும் "கொள்ளாம்" என்பார். வயிறு கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் குண்டானை மூடிவிடுவேன். எட்டு மாதமாக அப்படித்தான்.

எனவே கொட்டாரத்துப் 'பொறவு பாப்போம்' படங்களைப் பெயர் வைக்குமுன்பே ஆல்பத்துக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தேன். பெயரெல்லாம் வைத்து முடித்ததும் எல்லாத் தாலுகாவின் கொள்ளாமையும் ஒன்றுவிடாமல் அழித்தேன். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பவில்லை. நடுவில் கம்ப்யூட்டர் பெயர் நீளம் என்று என்னவோ முனகியது. என்னிடமே வாயாடுகிறதா என்று, ஸ்கிப் என்பதை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

அவர் திரும்பி வந்த அன்றே கொட்டாரத்துப் பெண்ணும் வந்தாள். மாப்பிள்ளை கல்யாணமான பதினோராம் நாள் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தார். வாரம் ஒருதரம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஆல்பம் ஆகவில்லை என்று தெரிந்ததும் பேசாமல் எழுந்து போகிறவள், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"போன்ல அவியளுக்க நெத்தி மட்டுந்தான் தெரியும் அக்கா. மொகத்த முழுசாப் பாத்து மூணு மாசமாச்சு."

இதோ இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நான் எடுத்து வைத்திருந்ததைத் திறந்தேன். மாப்பிள்ளை தும்மினார். அடுத்ததில் கண்ணை மூடியிருந்தார். தாலி கட்டும் இடத்தில் யாரோ ஒருவரின் முதுகு. அதற்கடுத்ததில் அதே முதுகு, கொஞ்சம் நகர்ந்து.

கொள்ளாம் எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டார். மிச்சம்தானே, அழித்துவிட்டேன் என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை.

"ஏட்டி, கொள்ளாம்னா நல்லாருக்குன்னாக்கும் அர்த்தம்."

அந்தக் கடையில் இருந்த நல்ல படங்களை மட்டும் தேடித் தேடி ஒழித்திருக்கிறேன். மற்றவர்களின் ஆல்பம் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இவளுடையது ஒன்றுதான் பாக்கி. கேமரா கார்டில் அடுத்த கல்யாணம் ஏறியாகிவிட்டது. பெஞ்சிலிருந்து அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, என் மேலேயே ஆத்திரமும் வந்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் முனகியது நினைவுக்கு வந்தது. தாலுகா தாலுகாவாக இறங்கிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் கொள்ளாம் போயிருந்தது. கிழக்கேத்தோட்டத்துவிளையில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் வைத்த பெயரின் நீளம் தாங்காமல் கம்ப்யூட்டரால் அதை அழிக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. முழுப் பெயரையும் வெட்டி 'கி' என்று ஒற்றை எழுத்தாக்கியதும் திறந்துகொண்டது.

மாப்பிள்ளை நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாவற்றோடும் நேராகப் பார்த்துச் சிரித்தார். அவள் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "கொள்ளாம்" என்றாள்.

நான் மெல்லத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு எடுத்த சட்டைதான் போட்டிருந்தார். அன்று இறுக்கிப் பிடித்த கழுத்துப் பட்டைக்குள் இப்போது இரண்டு விரல் நுழையும் போலிருந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"மதுரைல சோறு இவ்வளவுதான் விளம்புவாவளாக்கும்னு நெனச்சேன்."

அன்று மத்தியானம் மீன்குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கொள்ளாம் என்று சொல்லி, உடனே பயந்துபோய்த் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் குண்டானைத் தூக்கி அவர் பக்கத்திலேயே வைத்தேன்.