ஆப்கன் போரும் ஹவுகெட்டோ வீடும்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தின் சின்ன ஊர்ப் பத்திரிகைகளை வாசிப்பதற்கு எனக்கு ஓஸ்லோவில் சம்பளம் தருகிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மதுரையில் இருக்கும் என் அப்பா, மகள் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்றுதான் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் பொய்யில்லை. ஸ்கேன் செய்த பழைய பக்கங்களைத் திரையில் பெரிதாக்கி, தூர தேசத்துப் போரை உள்ளூர் அரசியல் எப்படிப் பிழிந்து குடித்தது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அந்தப் பத்திரிகைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் பக்கம் முழுக்க விளம்பரம்: இருமல் மருந்து, நிலக்கரி, ஏலத்துக்கு வரும் கறவை மாடுகள். உள்ளே போனால் லண்டன் பேப்பர்களிலிருந்து கத்தரித்து ஒட்டிய ஆப்கன் போர்த் தந்திகள். காபூல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாத ஆசிரியர், ஆளுங்கட்சி ஆள் என்றால் போர் ஜோராக நடக்கிறது என்று எழுதுவார். எதிர்க்கட்சி ஆள் என்றால் ஊர்ப் பிள்ளைகளை அநியாயமாகப் பலி கொடுக்கிறார்கள் என்று எழுதுவார். ஒரே ஊர், ஒரே போர், இரண்டு வாராந்தரப் பத்திரிகைகள். கட்சிக்கொரு டிவி சானல் இருக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சிரிப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓஸ்லோவின் ஓரத்தில் ஹவுகெட்டோவில் நான் அடிக்கடி சாப்பிடப் போகும் வீட்டில், ஒரு கதையை எடுத்துவிட்டேன்.

அந்த வீட்டு அக்காவும் அவர் கணவரான அண்ணாவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ரயிலில் நான் அம்மாவோடு ஃபோனில் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்று அக்கா விசாரித்ததில் தொடங்கிய பழக்கம். நான் பேசுவது படத்தில் கேட்பது மாதிரியே இருக்கிறது என்று கேலி செய்வார். கேலி செய்துகொண்டே இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் வைப்பார். அவருடைய ஒரே தம்பி இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவர். தம்பிக்குத் தெரிந்த நம்பர் என்பதற்காகப் பழைய டெலிஃபோன் நம்பரைக்கூட அக்கா இன்னும் விடவில்லை. இத்தனை வருஷம் கெஞ்சி, அந்த மாதம்தான் அண்ணா அவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தார்: இறந்தவர்களுக்கான கிரியையைக் கோயிலில் செய்வது, வீட்டில் தம்பியின் படத்துக்கு மாலை போடுவது என்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தேனே, அதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது.

"இந்தக் கிழமை உங்கட பேப்பரிலை என்ன புதினம்?" என்று அந்த வாரச் செய்தியை அண்ணா வழக்கம்போலக் கேட்டார்.

நானும் வழக்கம்போல நடித்துக்காட்டினேன். நெசவாலைத் தொழிலாளியின் மகன் ஒருவன் ஆப்கன் மலைகளில் காணாமல் போகிறான். வீர மரணம் என்று அரசாங்கம் அறிவிக்கிறது, ஆளுங்கட்சிப் பத்திரிகை கறுப்புக் கட்டம் கட்டிப் போடுகிறது. தேர்தலுக்கு முந்தின வாரம் எதிர்க்கட்சிப் பத்திரிகையில் பெரிய செய்தி: பையன் உயிரோடு துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டான், பெற்றவர்கள் ஸ்டேஷனில் போய் நிற்கிறார்கள், தன் சிப்பாய் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத அரசாங்கத்துக்கா உங்கள் ஓட்டு?

"செத்தவன் ஓட்டுக்காக எழுந்து வந்துட்டான்க்கா!" என்று முடித்தேன்.

அண்ணா சிரித்தார். அக்கா அகப்பையைச் சொதிச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெய்யே? செத்திட்டான் எண்டு அரசாங்கமே சொன்னவனோ?"

"ஆமாக்கா."

"பிறகு வந்திட்டானோ?"

"ஆமாக்கா, பேப்பர்ல இருக்கு. நானே படிச்சேன்."

அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அண்ணா ஃபோன் செய்தார். "இவ கோயிலுக்குச் சொன்னதை நிப்பாட்டிப்போட்டா. உங்கட பேப்பர்க் கதையைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா." பிறகு, "நான் உங்களைக் குறை சொல்லேல்லை" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதை உண்மைதானே, நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. ஓர் ஆய்விதழுக்கு நான் அனுப்பியிருந்த கட்டுரையைப் பார்த்தவர்கள், தேர்தலுக்குப் பிறகு இந்தப் போர்ச் செய்திகள் என்ன ஆயின என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தேர்தலைப் பற்றிய ஆராய்ச்சி என்பதால் ஓட்டுப் போட்ட நாளோடு வாசிப்பதை நிறுத்துவது என் வழக்கம். இப்போது அந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையின் அடுத்த இதழ்களைத் திறந்தேன். ஆப்கன் தந்திகள் தேய்ந்துபோய் ஒரு மூலைக்கு வந்திருந்தன. இரண்டாவது இதழில், கன்றுக்குட்டி விலைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி: துறைமுகத்தில் இறங்கியவன் அதே படைப்பிரிவைச் சேர்ந்த வேறொருவன், முன்பு வெளியான செய்திக்கு வருந்துகிறோம். பெற்றவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அந்த நாலு வரியை வாசிக்கிற ஆள் இந்த ஓஸ்லோவில் நான் ஒருத்திதான். ஆனால் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? ஒரு மாலை, அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போனேன். அண்ணா வேலையில் இருந்தார். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அக்கா அழவில்லை. "அப்ப ஸ்டேஷனிலை நிண்ட தாயும் தகப்பனும்?"

"தெரியலக்கா. அதுக்கப்புறம் அவங்களைப் பத்தி எழுதவே இல்ல."

"ஏன்?"

"தேர்தல் முடிஞ்சிருச்சு."

"உங்களுக்கு ஏன் இது முதலே தெரியேல்லை?"

"நான் ஓட்டுப் போட்ட நாள் வரைக்கும்தான் படிச்சிருந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கட கடைசிச் சண்டை நடக்கேக்கையும் உங்கட ஊரிலை எலெக்ஷன்தானே. எல்லா மேடையிலையும் எங்களைப் பற்றித்தான் கதைச்சவை. நாங்கள் இஞ்சை டிவிக்கு முன்னாலை இருந்து பாத்தனாங்கள், ஆரும் ஏதும் செய்வினம் எண்டு. வோட்டு முடிஞ்சு சில நாளிலை எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் அப்ப அங்கைதானே இருந்தனீங்கள்?"

இருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், முதல் ஓட்டு. விரலில் வைத்த மையைத் தோழிகளிடம் காட்டித் திரிந்தது நினைவிருக்கிறது. ஓட்டு எண்ணிய அன்று டிவி முன்னால் உட்கார்ந்து யார் எத்தனை சீட் என்று அப்பாவோடு பந்தயம் கட்டியதும் நினைவிருக்கிறது. அந்த வாரம் வன்னியில் என்ன நடந்தது என்று எந்தப் பேப்பரில் என்ன வாசித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வாசித்திருந்தால்தானே.

"இருந்தேன்க்கா," என்றேன். "ஆனா நான் எதுவும் படிக்கல."

"ஓம்," என்றார் அக்கா, அது தனக்கு முன்பே தெரியும் என்பது போல. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் பேப்பர் வாசிக்கப் படிச்ச ஆள். வோட்டுக்குப் பிறகு வந்த உங்கட ஊர்ப் பேப்பரை எனக்காக ஒருக்கா வாசியுங்கோ. எங்கட ஆக்களைப் பற்றி ஒரு மூலையிலை எண்டாலும் என்ன எழுதினவை எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் கோயிலுக்குச் சொல்லுறன்."

அந்த வாரத்துப் பத்திரிகைகளைத் தேடி எடுத்து கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்நியர்களின் சாவையெல்லாம் சிரித்துக்கொண்டே வாசிக்கத் தெரிந்த எனக்கு, இவற்றைத் திறக்கக் கை வரவில்லை. அக்கா இன்னும் கோயிலுக்குச் சொல்லவில்லை.