மைக் பேசியதும் ஸ்டீவ் பேசியதும்

போன சனிக்கிழமை கிள்ளானில், என் அக்கா வீட்டு ஹாலில், கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். திருட்டு இல்லை... மொழிபெயர்ப்பு!

என் தொடர்கதையைப் படிப்பவர்களுக்கு மைக்கைத் தெரியும். பெர்த் நகரத்து வெள்ளைக்காரன். கிள்ளானிலிருந்து படிக்கப்போன நம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவன். இன்று ஒரு ரகசியத்தை உடைத்துவிடுகிறேன் — அந்தப் பெண் என் அக்கா மகள் மாலதிதான். மைக் என்பது அவள் புருஷன் ஸ்டீவ். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

அந்தக் கல்யாணம் நடந்த நாளிலிருந்து அக்கா தன் மகளோடு பேசுவதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. கடிதம் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடுவாள். ஆனால் தம்பி எழுதுகிற கதையை மட்டும் ஒரு வாரம் விடமாட்டாள். சரி, கதையில் வெள்ளைக்காரனை நல்லவனாகக் காட்டினால் மனசு இளகாதா? அந்த நப்பாசையில் தொடங்கியதுதான் எல்லாம்.

மைக் வாயைத் திறந்தபோது சிக்கலும் ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாக்காரன் எப்படிப் பேசுவான்? எனக்கு எங்கே தெரியும்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். எழுதினேன், கிழித்தேன், மறுபடியும் நடந்தேன். வாடகை வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய ஹோட்டலில் ஒரே காப்பியை இரண்டு மணி நேரம் வைத்துக் குடித்துக்கொண்டு, பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டேன். அவர்கள் பேசியதெல்லாம் அறையில் ஏர்கோன் குளிர் போதவில்லை என்பது பற்றி. ஏர்கோனை வைத்து மாமியார் மனசை எப்படிக் கரைப்பது?

கடைசியில் எனக்குத் தெரிந்த பேச்சையே அவனுக்குக் கொடுத்தேன். மைக் வீட்டுக்குள் நுழைந்ததும் "சாப்பிட்டாச்சா?" என்றான். டீ கொடுத்தால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டான். "உங்கள் மகளை ராணி மாதிரி வைத்திருக்கிறேன், அத்தை" என்று கண் கலங்கினான்.

பந்திங் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதினார் — "உங்கள் மைக் பேசுவது எங்கள் பக்கத்து வீட்டு முருகேசு பேசுவது போலவே இருக்கிறது. அவருக்கு எப்போது முடி பொன்னிறமானது?" படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அசல் ஆளே வந்து இறங்கினான். ஸ்டீவுக்குக் கோலாலம்பூரில் நான்கு நாள் வேலை. மாலதி வரவில்லை. அம்மா கூப்பிடாமல் வரமாட்டாளாம். அக்காவிடம் கெஞ்சினேன்.

"சரி, வரட்டும் அந்த வெள்ளைக்காரன்" என்றாள். "டீ குடிச்சிட்டுப் போகட்டும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத, தம்பி."

ஸ்டீவ் வந்தான். "ஹலோ, கமலம்" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. மாமியாரைப் பெயர் சொல்லியா கூப்பிடுவது? அத்தான் காலமான பிறகு அந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட ஆளே இல்லை. டீ வேண்டுமா என்றதும் "யெஸ்" என்றான். முறுக்கு வேண்டுமா என்றதும் "நோ" என்றான். அவ்வளவுதான். மைக்காக இருந்தால் இதற்குள் ஒரு பக்கம் பேசியிருப்பான்!

அக்காவுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. என் பக்கம் திரும்பினாள். "அவ சந்தோஷமா இருக்காளான்னு கேளு."

கேட்டேன். ஸ்டீவ் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு "நாட் ஆல்வேஸ்" என்றான்.

என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்? அத்தனை வாரம் எழுதியதெல்லாம் இந்த இரண்டு வார்த்தையில் கவிழப்போகிறதே! வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ராணி மாதிரி வச்சிருக்கேன், ஒரு குறையும் இல்ல, நீங்க கவலைப்படாதீங்க அத்தைன்னு சொல்றாருக்கா..."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, அவரு சொன்னது ரெண்டே வார்த்த. நீ ஒரு லோரி நெறைய சொல்றியே? இது ஒன் கதையில வர்றவன் பேசறது. அவரு சொன்னத மட்டும் சொல்லு லா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"எல்லா நாளும் அப்படி இல்லையாம், அக்கா."

"எப்ப இல்ல?"

இந்தத் தடவை ஸ்டீவ் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலதி அழுவாளாம். அப்போது அவளிடம் என்ன பேசுவது என்று இவனுக்குத் தெரியாதாம். வெளியே போய்க் காரைக் கழுவுவானாம். சுத்தமாக இருக்கிற காரைத்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியும் வராத உண்மை அவனுக்கு இரண்டு வார்த்தையில் வந்துவிட்டதே என்று பொறாமையாகவும் இருந்தது. அவன் எப்படிப் பேசுவான் என்று ஊரெல்லாம் அலைந்தேனே, பேச வராமல் நிற்பான் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? அடுத்தவன் வாயில் நம் பேச்சைத் திணித்துவிட்டு, அவனை நல்லவனாக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவனைப் பேசவே விடுவதில்லை.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. ஹாலில் நடந்தேன். கெடுத்துவிட்டேனா? ஸ்டீவைப் பேசாமல் அவன் தங்கிய ஹோட்டலிலேயே விட்டு வந்திருக்கலாமோ?

அக்கா திரும்பி வந்தாள். ஒரு பென்சிலையும் காலண்டர் தாளையும் ஸ்டீவ் முன்னால் வைத்தாள்.

"மாப்பிள்ளைய வீட்டு நம்பர எழுதச் சொல்லு, தம்பி" என்றாள். "ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு அழுவான்னும் கேளு. அதுக்கு முன்னாடி நான் போன் போடணும்."