இரண்டு விரல் ஏறிய பாக்கெட்

என் அக்காவிடம் யாராவது, "இதை நானே வீட்டுல தெச்சுடுவேனே" என்று சொன்னால், அவள் ஊசியையும் நூலையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். "உக்காருங்க, தெய்ங்க, நான் பாக்குறேன்" என்று முக்காலியையும் தள்ளி வைப்பாள். வந்தவர் வந்த வழியே போய்விடுவார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் நான் தலையில் அடித்துக்கொள்வேன். சனிக்கிழமை தவறாமல் இதுதான் என் பிழைப்பு.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். வாரம் முழுக்க லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறேன். சனிக்கிழமை நானே போய் அக்காவின் கடையில் மாட்டிக்கொள்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வண்டிகள் நிறுத்துகிற ஒரு மைதானத்தைச் சனிக்கிழமைகளில் சந்தையாக்குகிறார்கள். அதில் ஒரு கார் நிற்கிற இடம்தான் எங்களுக்கு. ஒரு மடக்கு மேஜை, இரும்புக் குழாயில் ஒரு தாங்கி, அதில் வரிசையாகக் கோட்டுகள். மேஜைமேல் மிச்சத் துணியில் தைத்த தோள்பைகள், சின்னச் சின்ன பர்ஸ்கள், முடிக்குக் கட்டுகிற பட்டைகள். எல்லாம் அவள் கைவேலை. துணி வெட்டுவது, தைப்பது, பட்டனுக்குக் காஜா எடுப்பது, விற்காததை மறுபடி கட்டி எடுத்து வருவது வரை எல்லாமே அவள்தான். கட்டியதைத் தூக்குவது மட்டும் நான்.

அதற்கு முன்னால் பதினொரு வருடம் அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் வைத்தாள். சட்டை தைத்தாள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கை ஒரு மேஜையில், உடம்பு ஒரு மேஜையில், பட்டன் ஒரு மேஜையில் நடக்கும். அவளிடம் வருவது கழுத்து மட்டும். ஒரு நாள் பேருந்தில் ஒருவர் போட்டிருந்த சட்டையைக் காட்டி, "உன் கம்பெனி சட்டைக்கா" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "கழுத்து வேணா நான் தெச்சதா இருக்கலாம்" என்றாள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். முழுசாக ஒன்றைத் தைத்துப் பார்க்காமல் செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் வந்துவிட்டதாம். எனக்கு வேறு பயம் வந்தது.

அவள் தைக்கிற கோட்டு இரண்டு அடுக்குப் பருத்தி, நடுவில் மெத்தென்று ஒரு பழந்துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே நூலோட்டுவாள். உள்பக்கம் ஒரு தையல் முனைகூட வெளியே தெரியாது. உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால் முறைப்பாள். ஒரு கோட்டுக்கு ஒரு வாரம் போய்விடும். சேர்த்து வைத்திருந்த பணம் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவளே ஒரு கெடு வைத்துக்கொண்டாள்: போன குளிர்காலம் முடிவதற்குள் தாங்கியில் தொங்குகிற கோட்டுகள் போக வேண்டும், போகவில்லையென்றால் திரும்பவும் காலர் மேஜைக்கே போய்விடுவது. பழைய சூப்பர்வைசர் வேறு அவ்வப்போது போன் பண்ணி, "உன் சீட்டை நான் யாருக்கும் குடுக்கலம்மா" என்பார். நல்லவர்கள் கொடுக்கிற தொல்லைக்கு அளவே கிடையாது.

குளிர் தொடங்கிய சமயம், ஒரு நீலக் கோட்டுக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்தது. அக்கா முன்பு போனில் போட்டிருந்த ஒரு நீலக் கோட்டின் படத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பெண்மணி.

"அந்த நீலக் கோட்டு இருக்குல்ல, அதே மாதிரி ஒண்ணு வேணும்."

"சரிங்க, தெச்சுத் தரேன்."

"ஆனா நீலம் வேண்டாம். காலரும் வேண்டாம். கை இன்னும் நீளமா, உடம்பு கொஞ்சம் குட்டையா."

"அப்போ அதே மாதிரின்னா எது மாதிரிங்க?"

"அதான் சொல்றேனே, அதே மாதிரி."

அக்கா விளக்கினாள். பிறகு கத்தினாள். கத்தி முடித்துத் திரும்பினால் இஸ்திரிப் பெட்டி கோட்டின் இடது மார்புக்குக் கீழே படுத்துக்கிடந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரு கருகல். அதை மறைக்க இடது பாக்கெட்டை இரண்டு விரல் ஏற்றித் தைத்தாள். வலது பாக்கெட்டை ஏற்கெனவே முறையான இடத்தில் தைத்தாயிற்று. அதைப் பிரிக்க அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. போட்டுப் பார்த்தால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே.

"யாருக்குத் தெரியப்போகுது, வித்துடுக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றாள்.

ஆகவே அந்தக் கோட்டை விற்பனைக்கு வைக்கவில்லை. போட்டுப் பார்க்கிறவர்களுக்கு என்று தாங்கியின் முன்னால் தொங்கவிட்டாள். 

அந்தக் கோட்டைத் தேடி வாராவாரம் வந்தவர்தான் 'சுத்திட்டு வரேன்' அம்மா. பெயர் நாங்கள் வைத்தது. ஐம்பது வயது இருக்கும், நல்ல செருப்பு, கழுத்தில் கண்ணாடி தொங்கும். வருவார், நீலக் கோட்டை மாட்டுவார், இரண்டு பாக்கெட்டிலும் கை விடுவார். கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, அக்குளைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், தையலை விரலால் தடவுவார். கடைசியில், "ஒரு சுத்து சுத்திட்டு வரேம்மா" என்று போவார். அடுத்த சனிக்கிழமைதான் அந்தச் சுற்று முடியும்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இந்தம்மா சுத்துற சுத்துக்கு இந்நேரம் உலகத்தையே ரெண்டு தடவ சுத்தியிருக்கலாம்" என்றேன்.

"போடா. இத்தனை பேர் வராங்க, உள்ள திருப்பிப் பாக்குற ஒரே ஆளு அவங்கதான்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைத் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் நான் கண்டதே இல்லை. அந்த அம்மா வருகிற நேரம் பார்த்து முக்காலியைத் துடைத்து வைப்பாள். அக்குளில் ஏன் ஒரு சதுரத் துண்டு கொடுக்கிறேன், மடிப்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், நடுத்துணியை ஏன் முதலில் நனைத்துக் காய வைக்க வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லுவாள். அந்த அம்மாவும் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். நடுவில் வாங்க வந்த இரண்டு பேர், கவனிக்க ஆளில்லாமல் போயே போய்விட்டார்கள்.

குளிர் நன்றாக உறைக்கத் தொடங்கிய பிறகு, கடைத்தெருவில் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போனேன். கீழ்த்தளத்தில் ஒரு துணிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் வரிசையாக நின்றன. எல்லாப் பொம்மையும் கோட்டு போட்டிருந்தது. நீலம், சிவப்பு, கறுப்பு, சாம்பல். எல்லாக் கோட்டிலும் இடது பாக்கெட் இரண்டு விரல் ஏறி இருந்தது.

நான் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். பிறகு விலையைப் பார்த்தேன். அக்கா சொல்கிற விலையில் பாதிகூட இல்லை. உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் 'சுத்திட்டு வரேன்' அம்மா, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலாளி.

அக்காவிடம் சொன்னதும் அவளே போய்ப் பார்த்தாள். அந்த அம்மா இல்லாத நேரம். நான் வாசலில் நின்றேன். ஒரு கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். ஏற்றி வைத்த பாக்கெட்டுக்குள் கை விட்டுத் துழாவினாள். பிறகு முன்பு இருந்தபடியே மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"பாக்கெட்டுக்கு அடியில கருகல்கூட இல்லடா" என்றாள். "எதுக்கு ஏத்தினோம்னு அவங்களுக்கே தெரியாது."

"வாக்கா, உள்ள போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேப்போம்."

"என்னத்தக் கேக்கிறது? அவங்க திருடவா செஞ்சாங்க? நான்தானே முக்காலி போட்டு உக்கார வெச்சு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அவள்மேலும் கோபம், அந்த அம்மாமேலும் கோபம்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்த கூட்டம் தேய்ந்தது. ஒரு சனிக்கிழமை, கணவன் மனைவி என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். அந்தப் பெண் தாங்கியில் இருந்த ஒரு சிவப்புக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினாள். அளவெடுத்தாற்போல இருந்தது. நான் மனதுக்குள் பையை எடுத்துத் தயாராக விரித்துவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது காப்பிதானே?" என்றாள்.

"எதோட காப்பி?" என்றாள் அக்கா.

"கடைத்தெருவுல வெச்சிருக்காங்களே, அதோடதுதான். ஒரிஜினல்ல இந்தப் பக்கம் பாக்கெட் கொஞ்சம் மேல இருக்கும். அதுதான் அந்தக் கோட்டோட ஸ்டைலே. நீங்க சரியா கவனிக்கல போல." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த தடவை திருத்திக்கொள்ளட்டும் என்ற அக்கறையில்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஊசி நூல் வெளியே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அக்கா கோட்டை வாங்கி, கைகளை மடக்கி, நான்காக மடித்து மூட்டைக்குள் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

அவர்கள் போன பிறகு நான்தான் வாயைக் கொடுத்தேன். "இப்போ என்ன கெட்டுப்போச்சு? எல்லாக் கோட்டுலயும் இடது பாக்கெட்டை ஏத்திடு. அதுதான் வேணும்னா அதையே குடுப்போமே."

"என் தப்பையே நான் காப்பி அடிக்கணுமா?" என்றாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். "அடுத்த வாரம் கழிச்சு, திங்கட்கிழமை வந்துடுறேன் சார்" என்றாள். அவர் சந்தோஷப்பட்டது எனக்கே கேட்டது.

ஆகவே அடுத்த சனிக்கிழமைதான் கடைசிக் கடை. விற்கிறதை விற்போம் என்று விலையைக் குறைத்து எழுதி மாட்டினேன். பர்ஸ் இரண்டு போனது. மத்தியானம் 'சுத்திட்டு வரேன்' அம்மா வந்தார். ஒளியவில்லை, மறையவில்லை. நேராக வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கடை வெச்சிருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "ஒளிச்சுப் பேச எனக்கு வராது. கோட்டு நல்லா போகுது. ஆனா கழுத்து நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ துவைச்சா தொங்கிடுதுன்னு திருப்பிக் கொண்டு வராங்க. உங்க கோட்டு ஒண்ணை வாங்கி முழுசா பிரிச்சுப் பாத்துட்டோம். அப்பவும் எங்க ஆளுங்களுக்குப் பிடிபடல."

"நீங்க எங்க வாங்கினீங்க?" என்றாள் அக்கா.

"என் பொண்ணை அனுப்பி வாங்கினேன். சாம்பல் கலர்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த மாதம் முழுவதும் விற்றது அந்த ஒரே ஒரு சாம்பல் கோட்டுதான். அது விற்ற அன்றைக்கு அவள் எனக்குக் கேக் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"விஷயத்துக்கு வரேன்" என்றார் அந்த அம்மா. "நீங்க இங்க வெயில்லயும் குளிர்லயும் நிக்க வேண்டாம். எங்களுக்குக் காலர் மட்டும் வெச்சுக் குடுங்க. மத்ததை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. வீட்டுலயே உக்காந்து செய்யலாம். கம்பெனியில தரதை விடக் கூடத் தரேன்."

நியாயமான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. எப்படியும் திங்கட்கிழமை காலர் மேஜைக்குத்தான் போகப்போகிறாள். அதையே வீட்டில் உட்கார்ந்து செய்தால் என்ன? சரி என்று சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அக்கா வேறொன்றைக் கேட்டாள். "வாராவாரம் வந்து உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே. தையல் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாத்தேன். அது தெரிஞ்சாத்தானே தெய்க்க முடியும்?"



"பதினொரு வருஷம் காலர் வெச்சேன்" என்றாள். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஒரு சட்டையக்கூட என் கையால முடிச்சதில்ல. வெளிய வந்து, பட்டினி கிடக்காத குறையா, ஒரு கோட்டை முழுசா தெச்சேன். அதை வாங்கிட்டுப் போய் பிரிச்சு, கையை ஒருத்தன், உடம்பை ஒருத்தன்னு பங்கு போட்டுட்டு, நான் தெச்ச கோட்டுலயே எனக்குக் காலர்தானா? எழுந்திரிங்கம்மா."

"நான் நல்லதுக்குத்தான்..."

"எழுந்திரிங்க. அது நான் உக்கார்ற முக்காலி."

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா எழுந்து போனார். அன்றைக்கு அவர் 'சுத்திட்டு வரேன்' என்று சொல்லவில்லை.

அக்கா போனை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் சூப்பர்வைசர் எடுத்துவிட்டார். 

"சார், திங்கட்கிழமை நான் வரல. அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"என்னம்மா, பெரிய ஆர்டர் எதுவும் கெடச்சுதா?"

"ஒண்ணும் கெடைக்கல சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரு வேலையும் போச்சு, வந்த ஒரு வேலையும் போச்சு, தாங்கி நிறையக் கோட்டு, குளிரோ முடியப்போகிறது. "எந்த தைரியத்துலக்கா இப்படிப் பண்ற?" என்று கேட்டேன்.

"தைரியமெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்றாள். "கோவம்."

அந்தக் கோபம் இன்று வரை ஆறவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, விடிந்ததும் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான்தான்.