ஒரே கட்டத்தில் விழுந்த பூக்கள்

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை பார்த்தாள். விடுமுறை வந்தால் பழைய ஃபிலிம் கேமராவோடு ரயில் பாதை ஓரம் போய்க் காட்டுப் பூக்களைப் படமெடுப்பாள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூவுக்காகக் குப்புறப் படுத்துவிடுவாள். ஒருமுறை வழியில் போனவர் பதறிப்போனார்.

"ஐயோ, யாரோ மயங்கி விழுந்துட்டாங்க! தண்ணி கொண்டாங்க!"

"தண்ணியெல்லாம் வேணாம்ணே. வெயில மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

போன மாதம் அம்மா இறந்துவிட்டாள். கேமராவுக்குள் ஒரு ஃபிலிம் இருந்தது. கடைசியாக அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன்.

ஃபிலிமைக் கழுவிய ஸ்டுடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஓரத்து ஓட்டை கிழிஞ்சு ஃபிலிம் நகரவே இல்ல தம்பி. எடுத்த நாலஞ்சு படமும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கு. வேஸ்ட்."

நான் இயந்திரப் பொறியாளன். கிழிசலைப் பார்த்ததுமே அவர் சொல்வது சரி என்று புரிந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. "ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

மஞ்சள் இதழ்களுக்குள் ஊதா இதழ்கள் விரிந்திருந்தன. அவற்றின் நடுவில் ஒரு வெள்ளைப் பூ, கண்ணாடிபோல. எல்லாவற்றையும் ஊடுருவி ஒரு புல்லின் நரம்பு ஓடியது. வெவ்வேறு நாட்களின் வெயில் ஒன்றாக எரிந்தது. எந்த மண்ணிலும் முளைக்காத பூ.

ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன பூ தம்பி இது?"

"தெரியலண்ணே. இத அம்மாவே பாத்ததில்ல."