அர்டிஸின் இரண்டு தோட்டாக்கள்

இரண்டு தோட்டாக்களைக் கண்ணாடி மேசைமேல் அருகருகே நிறுத்திவிட்டு அர்டிஸ் கேட்கிறாள்: "முழங்கால் எப்படி இருக்கு?"

வந்தவன் குனிந்து தன் முழங்காலைப் பார்க்கிறான். தோட்டா வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"இருக்குது. அதுக்கென்ன?"

"மேடு ஏறினா கத்துதா, கத்தலியா?"

மொன்டானாவின் இந்தச் சின்ன ஊரில் எல்க் மான் வேட்டை தொடங்கிவிட்டால், தீவனக்கடையின் பின்பக்கத்தில் இருக்கும் இந்த மேசைக்கு எல்லாரும் ஒரே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள். பழைய டூ-செவன்ட்டி தோட்டாவா, புது சிக்ஸ்-எய்ட்டா? அர்டிஸ் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. அவளுக்கு ஒன்று நெட்டையன், இன்னொன்று குட்டையன்.

"இவன் நெட்டையன். நூறு வருசமா இந்த ஊருக்குக் கறிச்சோறு போட்டவன். இவன் குட்டைத் தடியன், நேத்துப் பொறந்தவன். ரெண்டு பேர் குண்டும் ஒரே சுத்தளவுதான். ஆனா குட்டையன் வாயில இருக்கிற குண்டு நீளம், கனம், ஊசி மூக்கு. தூரம் போகப் போக நெட்டையனுக்கு மூச்சு வாங்கும், காத்தும் தள்ளிவிடும். குட்டையன் அசர மாட்டான்."

"அப்ப எதுதான் நல்லது?"

"புதுசுதான்" என்பாள். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பிறகு பின்கதவைத் திறந்து, அறுத்து முடிந்த கோதுமை வயலுக்கு அப்பால் நிற்கும் தானியக் கோபுரத்தைக் காட்டுவாள். "அது அறுநூறு கெஜம். குட்டையன் அங்க போய் நிப்பான். நீயும் போயிட்டு வா ராசா, எடுத்துத் தர்றேன்."

வயலில் கணுக்கால் வரை பனி. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே அப்படியே வண்டியேறிப் போய்விடுகிறார்கள். சிலர் வீம்புக்கு நடந்து, மூக்கு சிவந்து திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரர் வாரன் தலையில் அடித்துக்கொள்வார். "உன்னைய வியாபாரம் பண்ண வெச்சேனா, டிரில் வாத்தியார் வேலைக்கு வெச்சேனா?" ஆனாலும் அவளை அவர் நிறுத்தமாட்டார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் வெடிமருந்து அதிகமா, குறைச்சலா என்று சொல்ல அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

அவளுக்கு அறுபத்து நான்கு வயது. இரண்டு ஆள் நுழையும் அளவுக்குத் தொளதொளத்த சிவப்புக் கம்பளிச் சட்டையை இந்த வேட்டைக்காலம் முடியும்வரை கழற்றுவதாக இல்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசுவாள். தீவன மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, எந்தக் குண்டு எத்தனை கெஜத்தில் எத்தனை அங்குலம் தாழும் என்று எழுதிவைத்திருப்பாள். இத்தனை தெரிந்தவள் இதுவரை ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. தாளில் வட்டம் போட்டுச் சுடுவதோடு சரி. அதில் ஊர் ஆண்கள் எல்லாரையும் தோற்கடித்தவள். "சுட்ட தாளத் தேடிக்கிட்டு நடக்க வேண்டியதில்ல பாரு" என்பாள்.

அந்தக் கம்பளிச் சட்டை அவள் கணவன் ராய்ஸுடையது. முப்பத்தொன்பது வருடம் நெட்டையனை மட்டுமே நம்பி வேட்டையாடியவன். இருநூற்றைம்பது கெஜத்துக்கு மேல் நிற்கும் மானை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். "அது வேற எவனோ சுட வேண்டிய மானு" என்று விட்டுவிடுவான். அவன் கண் மங்கத் தொடங்கியது, ஊர்ந்து கிட்டே போக இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அர்டிஸ் ஒரு கோடை முழுக்க இரண்டு தோட்டாக்களையும் தாளில் சுட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அவனுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் குட்டையன் போடுகிற புது ரைஃபிளை வாங்கிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள். "இனிமே நீ ஊர்ந்து போக வேணாம். இருந்த எடத்துலேர்ந்தே சுடு."

போன நவம்பரில் அவன் தனியாக ஸ்டோனர் பள்ளத்தாக்குக்குப் போனான். இருட்டியும் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் ஷெரீஃபின் ஆட்கள் திரண்டார்கள். கிழக்குச் சரிவின் உச்சியில் அவன் வண்டி நின்றது. காலடித் தடத்தைப் பனி மூடிவிட்டிருந்தது. பள்ளத்தாக்கு பெரியது, ஆட்கள் குறைவு. எந்தப் பக்கம் தேடுவது என்று அவளிடம்தான் கேட்டார்கள்.

"எரநூத்தம்பதுக்கு மேல அவன் சுட மாட்டான்" என்றாள் அர்டிஸ். "வண்டி நிக்கிற சரிவுலதான் இருப்பான். அங்கயே தேடுங்க."

ஊரும் தலையாட்டியது. ராய்ஸைத் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முப்பத்தொன்பது வருடப் பழக்கம் அவள் நாக்கில் நின்றது. மூன்று மாதத்துக்கு முன் தன் கையால் கொடுத்த ரைஃபிள் அவள் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நிற்பவன் குரல்கூடக் கேட்காத காற்றில் இரண்டு நாள் அந்தச் சரிவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள்.

மூன்றாம் நாள் காற்று நின்றதும் எதிர்ச்சரிவில் காக்கைகள் இறங்குவதைப் பார்த்தார்கள். அங்கே மான், இரண்டு நுரையீரலும் துளைபட்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. கிழக்குச் சரிவிலிருந்து அளந்தவர்கள் அறுநூற்றுப் பத்து கெஜம் என்றார்கள். சுட்ட மானை விட்டுவிட்டு வருவது இங்கே மனிதன் செய்கிற காரியமில்லை. ராய்ஸ் பள்ளத்தில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, வேட்டை அனுமதிச் சீட்டைக் கொம்பில் கட்டி, பாதித் தோலும் உரித்திருக்கிறான். அங்கேதான் வழுக்கியிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, ஒரு மரத்தடியில் தீ மூட்டி உட்கார்ந்தவன் அங்கேயே உறைந்து கிடந்தான். இரண்டாம் இரவுவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தோட்டா ஒரு பிழையும் செய்யவில்லை. அதைத்தான் அர்டிஸால் தாங்க முடியவில்லை. சாபம் கொடுக்கக்கூட அவளுக்கு ஒரு ஆள் இல்லை, தன்னைத் தவிர.

போன வியாழக்கிழமை மத்தியானம் டெல்மர் வந்தான். ராய்ஸின் தம்பி. இதயத்தில் இரண்டு முறை குழாய் வைத்தவன். சாவுக்குப் பிறகு, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் அந்தப் புது ரைஃபிளை அர்டிஸ் இவனிடம்தான் கொடுத்திருந்தாள்.

"குட்டையன் ஒரு பெட்டி குடு அண்ணி."

"எங்க போற?"

"ஸ்டோனருக்குத்தான்."

அவள் விதை மெல்லுவதை நிறுத்தினாள். "ஒனக்குக் கிறுக்கா? வேற மலையே கெடைக்கலியா?"

"எல்லாரும் அங்க போறத விட்டுட்டாங்க. அண்ணன அங்கயே தனியா விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. ஒரு தடவ போயிட்டு வந்தாத்தான் எனக்கு ஆறும்." அவள் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினான். "முழங்கால் கதையெல்லாம் வேணாம். தெரியும்."

அவனே பின்கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கி நடந்தான். அர்டிஸ் வாசற்படியில் நின்று பார்த்தாள். கோபுரத்தைத் தொட்டான். திரும்பும்போது இரண்டு இடத்தில் குனிந்து நின்றான். வந்து மாட்டு உப்புக்கட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். உதடு வெளுத்திருந்தது.

"போயிட்டு வந்துட்டேன்ல?"

"வந்துட்ட. அது சமதரை." அவள் குரல் இறங்கியது. "டெல்மர், ஒன்கிட்ட பழைய துப்பாக்கி இருக்குல்ல? அதுக்கு ஒரு பெட்டி தர்றேன். நெட்டையன் ஒன்ன அந்தப் பக்கம் கூப்பிட மாட்டான்."

"எது நல்லது அண்ணி? உண்மையச் சொல்லு."

அவள் மேசைமேல் நின்ற இரண்டு தோட்டாக்களையும் பார்த்தாள். ஒரு பொய் போதும். வருகிறவர்கள் எல்லாரிடமும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால் இந்த ஊரில் எத்தனையோ பேர் இந்தப் பக்கத்துச் சரிவிலேயே இருந்துவிடுவார்கள்.

"புதுசுதான்" என்றாள்.

பெட்டியை எடுத்து வைத்தாள். தீவனக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள். "எங்க இருப்பன்னு எழுது."

அவன் எழுதினான். ஸ்டோனர், கிழக்குச் சரிவு, எரிந்துபோன பைன் மரத்துக்குக் கீழே. எழுதி முடித்துவிட்டுப் பெட்டியை எடுக்கப் போனான்.

அர்டிஸ் படித்துப் பார்த்தாள். காகிதத்தைத் திருப்பி அவன் பக்கமே தள்ளினாள்.

"இது நீ நிக்கிற எடம். மானு விழப்போற எடத்த எழுது. நாங்க அங்கதான் வரணும்."

டெல்மர் பேனாவை மறுபடி எடுக்கும்வரை, பெட்டியின் மேல் வைத்த உள்ளங்கையை அவள் எடுக்கவில்லை.