கோபாலின் யங்கோனாக் கட்டு

தரை துடைக்கிற திரவத்தின் மூடியைத் திறந்து, கடை நடுவில் நின்று முகர்ந்து பார்க்கிற ஆளை நீங்கள் கண்டதுண்டா? ஃபிஜியில், வோட்டுவாலேவு சூப்பர்மார்க்கெட்டில் அந்த ஆள் நான்தான். பைன் வாசனை போட்ட பச்சைக் குப்பி. போன வாரம் கல்லாவில் இருந்த பெண், "அங்கிள், குடிச்சிராதீங்க" என்றாள். நியாயமான பயம்தான். வீட்டு அலமாரியில் இந்தக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. தரை மட்டும் அழுக்காகவே இருக்கிறது.

அந்த வாசனை வந்தால் ட்ராசா ஊருக்குப் பின்னாலிருந்த பைன் காடு வந்துவிடும், கூடவே கோபாலும் சேருவும். அப்போது நான் லௌட்டோகாவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் குமாஸ்தா. கோபால் ட்ராசாக் கரும்புத் தோட்டக்காரர் மகன். சேரு, தோட்டத்துக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிற ஃபிஜியர் கிராமத்துக்காரன். தோட்டம் நின்ற நிலமே அவன் குலத்தாருடையது. கோபால் வீட்டார் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே பள்ளி, பேச்சு ஹிந்தி. தமிழில் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் கோபாலின் அப்பா. மாமா என்று கூப்பிடுவேன்.

எங்கள் சைக்கிள்களை இந்தக் காலத்து கியர் வண்டிகளாக நினைத்துவிடாதீர்கள். கோபாலுடையது மாமா மாட்டுக்குப் புல் ஏற்றிவருகிற வண்டி. பிரேக் கிடையாது. ரப்பர் செருப்பைப் பின் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் அதுதான் பிரேக். மேட்டில் தள்ளுவோம், இறக்கத்தில் ஓட்டுவோம். ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். ஆனாலும் எங்களுக்கு வீரர்கள் என்ற நினைப்பு.

பிறகு கூ வந்தது. இந்தியர் அதிகம் இருந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்ததை எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். சாலையில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். சர்ச் நாள் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, கடை இல்லை, பந்துகூட விளையாடக் கூடாது என்றார்கள். எங்கள் தெருவில் நாட்டைவிட்டுப் போக வீட்டுக்கு ஒரு பெட்டி கட்டினார்கள். கோபாலுக்கும் கனடாவுக்கு விசா கிடைத்துவிட்டது. மாமாவோ அசைய மாட்டேன் என்றார். "நான் எங்கடா வருவன்? கரும்பு என் பின்னாடியே வருமா?"

ஒரு வியாழக்கிழமை அவனுக்கு விமானம். அதற்கு முன் ஞாயிறு விடிந்ததும் மூவரும் காட்டுக்குப் புறப்பட்டோம். காட்டுக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள். கோபாலின் கேரியரில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. சேரு முன்னால் போனதும் கோபால் மெதுவாகச் சொன்னான்.

"யங்கோனா. எறங்குறப்ப சேரு வீட்டுல வச்சிட்டு அப்பாவப் பாத்துக்கச் சொல்லிக் கேக்கணும். நீ முந்திரிக்கொட்ட மாதிரி சொல்லிடாத. புள்ள நான்தான் கேக்கணும்."

ஃபிஜியரிடம் பெரிய காரியம் ஒன்றைக் கேட்பதென்றால், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை முன்னால் வைத்துத்தான் கேட்பது. ஏற்றுக்கொண்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. சேரு வீட்டார் வாக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மாமாவை யாரும் தொட முடியாது. கோபாலுக்கு அந்த நிம்மதி வேண்டியிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

உச்சியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். கீழே கரும்பு, அதற்கப்பால் கடல், ஞாயிறானதால் புகையில்லாத சர்க்கரை மில். கோபால் தன் வீட்டுத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் விழுந்த பிறகுதான் எழுந்தோம்.

இறங்குகிற பாதை சேருவின் கிராமத்துக்குள்ளாகப் போகும். எல்லையில் ஒரு ஈரப்பலா மரம். அங்கே சைக்கிளைவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, தள்ளிக்கொண்டே நடந்துபோக வேண்டும். அதுதான் மரியாதை, எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அன்றைக்கு நனைந்த பைன் சருகு எண்ணெய் மாதிரி வழுக்கியது. சேருவும் நானும் மரத்தடியில் இறங்கினோம். கோபால் காலை அழுத்தினான். செருப்பு வார் அறுந்தது. தலையில் தொப்பியோடு, பிரேக் இல்லாத வண்டியில், கிராமத்துக்குள் பாய்ந்து போனான். சர்ச் முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம். கிழவிகள் சிதறி ஓடினார்கள். அவன் சர்ச் படிக்கட்டில் மோதி விழுந்தான்.

சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு இளைஞன் கோபாலின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "எங்க ஞாயித்துக்கிழமையையும் மிதிக்க வந்தியா?" இன்னும் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். சேரு ஓடிப்போய், கீழே விழுந்து கிடந்த கட்டை எடுத்தான். ஊர்ப் பெரியவருக்கு முன்னால் சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எங்களுக்காக மன்னிப்புக் கேட்டு அதை வைத்தான். பெரியவர் கட்டைத் தொட்டார், ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கை தட்டினார். அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் உயிரைக் காப்பாற்றியது அந்தக் கட்டு. ஆனால் ஒரு கட்டுக்கு ஒரு காரியம்தான்.

"இன்னொண்ணு வாங்கிட்டு நாளைக்குப் போடா" என்றேன் கோபாலிடம்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? கனடாவுல நெலச்சதும் வந்து கேக்கறேன். நீ சொல்லாத, அப்பாவுக்கு அவமானம்." வியாழக்கிழமை போய்விட்டான். சில நாளில் எனக்கும் வேறொரு தீவில், லம்பாசாவிலிருந்த கடைக் கிளைக்கு மாற்றல் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்த சில பையன்கள் மாமா தனியாக இருந்த வீட்டில் புகுந்து பசுவை ஓட்டிப்போனார்கள். தடுத்தவரைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இடுப்பு உடைந்து, எழுந்திருக்க முடியாமல், கிடந்த இடத்திலேயே செத்துப்போனார். பால் வாங்க வந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

வருடங்கள் கழித்து லௌட்டோகா மார்க்கெட்டில் சேருவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது.

"அந்தக் கட்டு எதுக்கு?" என்றான் எடுத்த எடுப்பில். "விழப்போறோம்னு யாரும் மன்னிப்புக்கு முன்னாடியே கட்டி எடுத்துவர மாட்டாங்க. என்னமோ கேக்க வந்தான்னு தெரிஞ்சுது. திரும்பி வருவான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

சொன்னேன். அவன் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"தெனமும் அந்த வாசல் வழியாத்தான ஆத்துக்குப் போனேன். உள்ள எட்டிப் பாருடான்னு சொல்ல, கூடப் படிச்சவனுக்கு யங்கோனாவா வேணும்?"

பைன் மரங்களை வெட்டியாகிவிட்டது. குத்தகை முடிந்து, மாமாவின் வீடு இருந்த இடத்தில் கொய்யாப் புதர் மண்டிக் கிடக்கிறது. சைக்கிள் போன பாதை எதுவென்று சேருவுக்கே தெரியவில்லை. கோபால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வரவேயில்லை. தீபாவளிக்கு மட்டும் கூப்பிடுவான். அவன் பேச்சில் பாதி இங்கிலீஷ் ஆகிவிட்டது. கடைசியில் மட்டும் எப்போதும் ஒரே கேள்விதான்.

"அந்தக் காடு அப்படியே இருக்காடா?"

"இருக்கு" என்கிறேன்.