முன்சீட்டு நட்டுவாக்காலி

போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஒச்சப்பனுடையது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராத மனுசர். அதனால் முன்சீட்டில் அவரோடு எப்போதும் நாலு பேர். போடிமெட்டு வளைவுகளில் கியர் மாற்ற, "ஆத்தா, செத்த கால ஒதுக்கு" என்று கெஞ்ச வேண்டும். கால் ஒதுங்குவதற்குள் வளைவு முடிந்திருக்கும்.

போன ஆனியில் ஜீப்பில் கிடந்த சாக்கை உதறும்போது ஒரு நட்டுவாக்காலித் தேள் விழுந்தது. உள்ளங்கை நீளம், கன்னங்கரேலென்று, நண்டுபோலக் கொடுக்கு. அடிக்க மனசில்லாமல் மிட்டாய் டப்பாவில் பிடித்து, மூடியில் ஓட்டை போட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று முன்சீட்டில் வைத்தார். அன்றைக்கு முன்னால் ஒருத்தரும் ஏறவில்லை. பின்னால் பதினாறு பேர் அப்பிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருசத்தில் முதன்முதலாகக் கையை வீசிக் கியர் போட்ட ஒச்சப்பனுக்கு அதை இறக்கிவிட மனசே வரவில்லை. டப்பாவுக்கு ஈரமண் போட்டார். கரப்பான் பிடித்துப்போட்டார்.

ஒரு மாதத்தில் பெண்களும் தீப்பெட்டியில் கரப்பான் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சிதான் எல்லாருக்கும் முந்தி. "நேத்து சாப்பிட்டுச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

திடீரென்று அது சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மூன்றாம் நாள் டப்பாவுக்குள் ரெண்டு தேள். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. ஜீப்பே அலறியது. ஒச்சப்பன் ஈர்க்குச்சியால் கறுப்பைத் தொட்டார், நசுங்கியது. வெறும் தோல்.

"சட்டை உரிச்சிருக்குத்தா."

"பச்ச ஒடம்புக்காரிய இப்பிடியா ஆட்டி ஆட்டிக் கொண்டு போவீக?" என்ற முத்துப்பேச்சி, முன்னால் ஏறி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் துணையாக அனுசியா. அனுசியாவுக்குத் துணையாக இருளம்மாள்.

கேரளா செக்போஸ்ட்டில் காவலர் எட்டிப் பார்த்தார். "எந்தா இது?"

"தேளு சார்."

"எந்தினா?"

எதற்கென்று ஒச்சப்பன் நிஜமாகவே யோசித்தார்.

"வேலைக்கு வருது சார்" என்றாள் முத்துப்பேச்சி.

காவலர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தேளுக்கு அதில் இடமில்லை. காட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கொஞ்ச தூரம் தள்ளி, பாறை ஓரம் ஜீப்பை நிறுத்தி டப்பாவைச் சாய்த்து வைத்தார் ஒச்சப்பன். அது அசையவில்லை. எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். தோட்டத்து சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "எங்கம்மா நிக்கிறீங்க?"

"தேளு எறங்க மாட்டேங்குது சார்" என்றாள் அனுசியா.

சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டார்.

"இத்தன பேரு முறைச்சுப் பாத்தா அது எப்பிடி எறங்கும்? எல்லாரும் திரும்புங்க" என்று முத்துப்பேச்சி அதட்டினாள். அத்தனை பேரும் மூணாறு திசையைப் பார்த்து நின்றார்கள். ஒச்சப்பனும் நின்றார். திரும்பியபோது டப்பா காலி.

எந்தப் பக்கம் போனதென்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அதனால் ஜீப்பில் ஏறவும் ஒருத்தரும் தயாரில்லை. மிச்ச தூரத்தை வரிசையாக நடந்தே போனார்கள். ஒச்சப்பன் மட்டும் காலி ஜீப்பை, அடிக்கொருதரம் வேட்டியை உதறிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார்.